சொகுசுக் காரின் சோதனையும் கற்பிட்டி பஸ்ஸும்

தொடக்ககாலச் சொகுசுக் கார்களின் சேசியை உலுக்கியவை இரண்டு: எஞ்சினும் வீதியும். எஞ்சினுக்கு முதலில் வழி பிறந்தது. றோல்ஸ் றொய்ஸின் 30 குதிரைவலுக் காரில் ஆறு சிலிண்டருக்கான நீண்ட கிராங்க் தண்டு முறுகி அதிர்ந்தது. அடுத்து வந்த சில்வர் கோஸ்ட்டில் நிறுவனத்தின் பொறியியலாளர் றொய்ஸ் அதைத் தடிப்பாக்கி விறைப்பேற்றினார். 1907இல் அந்தக் கார் 14,371 மைல் ஓடித் தன் உறுதியைக் காட்டியது.

வீதியின் உலுக்கல் அவ்வளவு இலகுவில் அடங்கவில்லை. றோல்ஸ் றொய்ஸின் டார்பி தொழிற்சாலையில் கார்களைத் தொங்கவிட்டு ஊசலாட்டி அவற்றின் சடத்துவத்தை அளந்தார்கள். சேசி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார்கள். அங்கிருந்து 1930இல் கடிலாக் நிறுவனத்துக்குப் போன பொறியியலாளர் மோரிஸ் ஒல்லி, 1932இல் ஏழு பேர் அமரும் லிமோசின் ஒன்றின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பாரங்களைப் பொருத்தினார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால் கார் முன்பின்னாகத் தலையாட்டுவது குறையும் என்று அந்த வண்டி காட்டியது. 1934 கடிலாக்கில் முன்சில்லுகள் தனித்தனியே அசையத் தொடங்கியதற்கும் அதுவே வழிகோலியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்த்த அந்த ஒழுங்கு பெரிய சாதனை, அதில் ஐயமில்லை.

ஆனால் பணக்காரரின் காருக்குச் செய்த சோதனை நாளடைவில் எல்லோருடைய வண்டிக்கும் வந்து சேர்ந்தது என்று இன்று சொல்லப்படும் வாதம் தவறானது. ஒல்லியின் வண்டியில் அளவுகருவி இருக்கவில்லை. ஏறிப் பயணித்தவர்களின் உடம்பே தீர்ப்பளித்தது. அந்த உடம்புகள் லிமோசினின் இருக்கையில் இருந்தன. அதைவிடப் பெரிய குறை, பாரம் அதிகம் மாறாத வண்டியே சோதிக்கப்பட்டது. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட காரில் ஏழு பேர் ஏறினாலும் கூடுவது அரைத் தொன் அளவுதான்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ் வேறு வகை. இலங்கையின் பல பஸ்கள் லொறி வழிவந்த சேசியின் மேல் கட்டப்பட்டவை. தகடுகளை அடுக்கிய அவற்றின் ஸ்பிரிங் நெரிசலான பாரத்துக்கென்றே விறைப்பாக அமைந்தது. முழுப் பாரத்தில் ஸ்பிரிங் 12 சென்ரிமீற்றர் அமுங்கினால் உடல் விநாடிக்கு ஏறத்தாழ 1.4 தடவை ஏறி இறங்கும். ஸ்பிரிங்கின் மேலுள்ள மொத்தப் பாரம் பாதியானால் அது 2 தடவையாகும். பஸ் வெறுமையாக ஓடும்போது நிலைமை இன்னும் மோசம்: தகடுகளுக்கிடையிலான உராய்வு ஸ்பிரிங்கை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, பஸ் டயரின் மேலேயே துள்ளுகிறது. அந்தத் துள்ளல் மனித உடல் மிகவும் தாங்கமாட்டாத, விநாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வை நெருங்குகிறது. எலுவன்குளம் பக்கத்துக் கிரவல் வீதியைப் போன்ற வழிகளில் சில்லோட்டத்தால் வரிவரியாகத் திட்டு விழும். திட்டுகளின் இடைவெளி 80 சென்ரிமீற்றராக இருந்தால், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு விநாடிக்கு 14 தடவை அடிபடும். அச்சும் சில்லும் தாமே துள்ளும் வேகம் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. முதுகுவலியோடு விடியற்காலை பஸ்ஸில் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போகும் மூதாட்டியை நினைத்து எந்த ஸ்பிரிங்கும் அமைக்கப்படவில்லை. இதைச் செலவின் பேரால் நியாயப்படுத்த முடியாது. ஒல்லியின் முறையை இங்கே செய்து பார்க்கத் தேவையானவை மணல் மூட்டைகள், இரண்டு மூன்று வகை ஸ்பிரிங், வெறும் பஸ்ஸாக ஒன்றும் நிறைந்த பஸ்ஸாக ஒன்றுமாக இரண்டு ஓட்டங்கள், பின்சில்லுக்கு மேலுள்ள இருக்கையில் அமர ஒருவர்.