ஃப்ரிட்ஜில் காத்திருக்கும் குளவிகள்

கரும்பு போட்டிருக்கும் யாரைப் பார்த்தாலும் டிரைக்கோ கார்டைப் பற்றிப் பேசாமல் நான் விடுவதில்லை. அப்படி ஓர் அருமையான பொருள் அது! அட்டையில் கருப்பாக ஒட்டியிருப்பவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். 1 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டையில் 16,000-க்குக் குறையாது. கருத்த முட்டைக்குள் டிரைக்கோகிரம்மா குளவி வளர்கிறது. முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் தாய்ப்பூச்சி இலையில் இடும் முட்டையைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். அதில் புழு பிறக்கவே பிறக்காது!

இதில் என்னைச் சொக்க வைப்பது குளிர்தான். அட்டையில் முட்டை கருக்க மூன்று நான்கு நாள். அடுத்த சில நாளில் குளவி வெளியே வந்தாக வேண்டும். வந்த பிறகு அதன் ஆயுளும் சில நாள்தான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால்? சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்துத்தான் பூச்சி வளரும். 10 டிகிரி செல்சியஸ் பக்கம் குளிர வைத்தால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும், உயிர் போகாது. ஒருமுறை அப்படி மழை பிடித்தபோது அட்டையை ஃப்ரிட்ஜில் வைத்து, மழை விட்டதும் வெளியே எடுத்து வைத்தேன். வளர்ச்சி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கரும்புத் தோகையின் அடியில் குத்திவிட்டு, பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முட்டையைத் துளைத்துக்கொண்டு குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. என்ன அழகு!

ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், செத்துவிடும். காய்கறி வைக்கும் கீழ்த்தட்டுதான் சரி. குளிரில் நாள் கூடக் கூடப் பொரிப்பு குறையும், வருபவையும் நலிந்திருக்கும். அதனால் பத்து நாளைக்குள் எடுத்துவிடுவது என் வழக்கம்.

கரும்பு நட்ட நாலாம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒரு தடவை, ஏக்கருக்கு 1 சிசி வீதம் ஆறு தடவை அட்டையைக் கட்டுங்கள். காலையிலோ மாலையிலோ கட்டுவது நல்லது. அந்தச் சமயத்தில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது, குளவியும் சேர்ந்து செத்துப்போகும். வரும் பட்டத்தில் ஒரு ஏக்கரிலாவது கட்டிப் பாருங்கள்; வெட்டும்போது கரும்பைப் பிளந்து கணுக்களைப் பாருங்கள். அப்புறம் நீங்களும் என்னைப் போலத்தான் பேசுவீர்கள்.