ரோசியின் குரலுக்கு ஒரு மேடை

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' ஓர் ஊமைப்படம். அகஸ்தீஸ்வரத்துத் தமிழரான ஜே. சி. டேனியல் சொந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸைத் தொடங்கி அதை எடுத்தார். படம் வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர்கள் இருவிதமாகக் குறிக்கிறார்கள். படச்சுருள் இன்று இல்லை.

புலையர் குலத்தில் பிறந்த பி. கே. ரோசி அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தின் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது, அவர் கூந்தலில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் மேல்சாதியினர் திரைமீது கல்லெறிந்தார்கள் என்றும், பின்னர் அவருடைய வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்றும் வரலாறு சொல்கிறது. லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பியவர், லாரி ஓட்டுநர் கேசவப் பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். திரையில் காதலித்ததற்காக விரட்டப்பட்டவர், நிஜத்தில் வாய்த்த இல்வாழ்க்கையையும் பழைய அடையாளத்தை மறைத்தே நடத்த வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை மீட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். டேனியலுக்கு அங்கீகாரம் கேட்டு அவர் விடாமல் எழுதினார். 1992 முதல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது வழங்குகிறது. வினு ஆபிரகாமின் 'நஷ்ட நாயிகா' நாவல் ரோசியை நடுவில் நிறுத்தியது. அதைத் தழுவி மலையாள இயக்குநர் கமல் எடுத்த 'செல்லுலாய்டு' படம் 2013இல் வந்தது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. எல்லாம் போற்றத்தக்க பணிகள். ஆனால் இவற்றில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது கல்லடி பட்ட ரோசி. கலை கற்ற ரோசியைப் பற்றிய பேச்சு குறைவு.

அவர் காக்காரிசி நாடக நடிகை. நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, பாறசாலை உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் மண்ணின் கூத்து அது. சிவன் காக்காலன் என்ற நாடோடியாகவும் பார்வதியும் கங்கையும் அவன் மனைவியரான காக்காத்திகளாகவும் பூமிக்கு வர, தம்புரான் என்ற பிரபு அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்பார். ஆர்மோனியம், மிருதங்கம், கஞ்சிரா முழங்க, தமிழும் மலையாளமும் கலந்த பாட்டாலேயே பதில் வரும். ஆண்களே பெண்வேடம் கட்டிய அந்த மேடையில் ஏறிய முதல் பெண்களில் ஒருவராக ரோசியைச் சொல்வார்கள். ஊமைப்படம் அவர் முகத்தை மட்டும்தான் கேட்டது. பாடிப் பழகிய குரலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

ஆகவே அவர் கதைக்கு இனி வேண்டியது இசை நாடகம், அதுவும் காக்காரிசி வடிவில். படப்பிடிப்புக் காட்சிகள் பேச்சற்று நடக்கட்டும். தம்புரான் சாதி கேட்கும் இடத்தில் ரோசி பாடட்டும். அவர் தப்பிப் போன திசையில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இருக்கின்றன. இரு மொழியும் புழங்கும் அந்த ஊர்களின் காக்காரிசிக் குழுக்களிடம் கேரள, தமிழக அரசுகளின் கலை அமைப்புகள் சேர்ந்து இப்பணியை ஒப்படைக்க வேண்டும். விருதுகளும் விழாக்களும் ரோசியின் பெயரைக் காப்பாற்றிவிட்டன. அவர் தொழிலைக் காப்பாற்ற அந்த மேடையால்தான் முடியும்.