ஓசோனுக்கு ஆகாதது மட்டும்தான் விஷமா?

பல்லடம் பக்கம் ஒரு பனியன் யூனிட்டில் கறை எடுக்கும் மருந்து கேன் ஒன்றைப் பார்த்தேன். மேலே பச்சை இலைப் படம், ‘ஓசோன் சேஃப்’. அந்த இலையோடுதான் எனக்குச் சண்டை.

நிட்டிங் மெஷின் எண்ணெய் துணியில் பட்டால், கன்னில் மருந்தைப் பீய்ச்சிக் கறையை எடுப்பாங்க. டிரை கிளீனிங்கிலும் இதே தத்துவம்தான்: தண்ணீருக்குப் பதில் கரைப்பான். எண்ணெய் போச்சு, சரி. மருந்து எங்கே போச்சு? பாதி காற்றுக்கு, மீதி பீய்ச்சுகிறவர் நெஞ்சுக்குள்ளே.

முன்பு இந்த வேலைக்கு கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது. ஈரலைக் கெடுக்கும் சரக்கு. ஆனால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-ல் அது நின்றது ஓசோனுக்காக, ஈரலுக்காக அல்ல. மாற்றாகச் சொல்லப்பட்டவற்றில் டிரைகுளோரோஎத்திலீனும் ஒன்று. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாகவே சொல்லிவிட்டது.

டிரை கிளீனிங் கடைகளிலும் இதே கதைதான். பெர்குளோரோஎத்திலீனைப் பத்தாண்டில் அங்கிருந்து விலக்க அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி போட்டது. அதற்கு மாற்றாக வந்த 1-புரோமோபுரோப்பேன், நியூஜெர்சியில் ஒரு கடைக்காரரின் நரம்பைப் பாதித்ததாக 2008-லேயே பதிவாகியிருக்கு.

ஒவ்வொரு மாற்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பாஸ் ஆகிவிடுகிறது. மூச்சுக்கு என்ன ஆகும்? தீப்பிடிக்குமா? போர் தண்ணிக்குப் போகுமா? குளோரின் கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. சிந்தினால் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும்.

‘அப்போ தண்ணியிலேயே துவைச்சுக்கலாமே’ என்பீங்க. வெட் கிளீனிங் நல்ல வழிதான். ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கணும். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஏன் மூடச் சொன்னது என்பது நொய்யல்காரங்களுக்கு மறக்காது.

எனக்குத் தெரிந்தவரை முதல் மருந்து, கறையே படாமல் பார்ப்பது: மெஷின் ஒழுக்கை அடைப்பது, தண்ணீரில் போகும் எண்ணெய்க்கு மாறுவது. அதுவரைக்கும் புகைபோக்கி ஃபேன் கட்டாயம். மூஞ்சியில் கட்டுகிற கர்ச்சீப் பஞ்சைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

இலையை விடுங்க, கேனில் எண்ணைத் தேடுங்க. 79-01-6 என்றால் டிரைகுளோரோஎத்திலீன், 127-18-4 என்றால் பெர்குளோரோஎத்திலீன். எண்ணே இல்லையென்றால், விற்றவரிடம் கேளுங்க.