மீனாட்சியம்மையின் பாட்டுகள்

ஏட்டில் வைத்தே கவிதையை எடைபோடுவோர்க்கு மீனாட்சியம்மாள் நடேசய்யரின் பாட்டுகள் எளியனவாகத் தோன்றும். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரால் 1940 ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சிறு நூலில் சொல்லலங்காரம் தேடிப் புகுவோர் ஏமாற்றமே அடைவர். ‘இவை பிரசாரம்’ என்று கூறி அவர்கள் நூலை மூடிவிடுதலும் உண்டு. இவை பிரசாரம் என்பதை அம்மையாரே மறுத்திரார். ஆயின் அப்பிரசாரம் யாரை நோக்கியது என்பதை ஆராயாது தீர்ப்புக் கூறுதல் திறனாய்வாகாது.

தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். துரையின் இசைவின்றி அயலார் தோட்டத்துட் புகுதல் அத்துமீறல் எனப்பட்டது. அம்மையாரின் கணவர் கோ. நடேசய்யரே புடைவை வியாபாரியாய் வேடம் பூண்டு உட்புகுந்தார் என்பர். துண்டுப் பிரசுரத்துக்குப் படிப்போன் வேண்டும்; பேச்சுக்கு மேடை வேண்டும். பாட்டோ ஒருமுறை கேட்டவளின் நாவில் ஏறி, கங்காணி அறியாமலே மலையேறிவிடும். மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளை அம்மையார் எடுத்தாண்டதன் காரணம் இதுவே. அதனைக் கற்பனை வறட்சி என்பது பொருந்தாது.

அமெரிக்காவிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1929 இல் வட கரோலினா மாநிலத்துக் காஸ்டோனியா நகரில் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, எல்லா மே விக்கின்ஸ் என்னும் ஆலைத் தொழிலாளி, பழகிய மெட்டுகளிலேயே பாட்டுக் கட்டிப் பாடினார். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாடுவோரை அஞ்சத்தக்கவராகக் கருதினர் போலும்!

இனி, குறையும் கூறல் வேண்டும். 1939 இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை நீக்க முற்பட்ட நடவடிக்கையின் சூட்டிலே பிறந்தவை இப்பாட்டுகள். அன்றைய அரசியற் செய்தியை அப்படியே யாப்பில் அடைக்க முயலும் இடங்களிற் பாட்டுத் தளர்கின்றது; இன்று உரையின்றி விளங்குவதும் அரிது. தொழிலாளரை நேர்முகமாக விளித்து ஒன்றுகூட்டும் இடங்களிலோ அத்தளர்ச்சி இல்லை.

மற்றொரு குறை திறனாய்வாளருடையது. சாரல்நாடன் முதலியோரின் முயற்சியால் அம்மையாரின் பெயர் மறதியினின்றும் மீண்டது. எனினும் நடேசய்யர் வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே அவர் இன்னும் பேசப்படுகின்றார். ‘தேசபக்தன்’ பத்திரிகையின் பணியில் அவர் பங்குகொண்டார். 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைக்குமுன்பே பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடினார். கொழுந்து பறித்தோருட் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, தொழிற்சங்க மேடையில் ஆடவரே நிறைந்திருந்த காலத்தில், அம்மேடையேறி முதற் குரலெழுப்பிக் கூட்டத்தைச் சேர்த்தவர் அவர். இதனைக் ‘கணவருக்குத் துணைநின்றார்’ என்னும் இரு சொற்களுள் அடக்குவது எவ்வாறு? அய்யர் 1947 இல் மறைந்தார். அவர் பேச்சுகளைத் தேடித் தொகுக்கும் அறிஞர், அம்மையாரின் பாட்டுகளையும் தனிநூலாகப் பதிப்பித்தல் வேண்டும். சொற்களோடு, எந்த மெட்டில் பாடப்பட்டன என்பதையும் ஆராய்ந்து சேர்த்தல் வேண்டும்.