கூர்நோக்கு யார் மீது?

சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இடத்துக்குத் தமிழில் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். சிறையின் வாடை இல்லாத சொல்லாக்கம். ஆனால் கூர்ந்து நோக்குவது யார், எதை என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். பேட்டரி திருடியதாக அவன்மீது வழக்கு. இல்லத்தின் பணியாளர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களைச் சீர்படுத்தும் வழிகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்தது. அதுவரை கூர்நோக்குச் சிறுவன்மீது மட்டுமே இருந்தது, இல்லத்தின்மீது இல்லை.

இல்லம் இப்படி என்றால், வீடு?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நிறுவனத்தைக் கடைசி வழியாகவே வைக்கிறது. ஆற்றுப்படுத்துதல், சமூகப்பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றோடு பிள்ளையைக் குடும்பத்திடம் சேர்க்கச் சொல்கிறது. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. சட்டம் 'குடும்பம்' என்று எழுதியதை நடைமுறை 'அம்மா' என்று வாசிக்கிறது, சிக்கல் அங்கேதான். 'வளர்ப்பு சரியில்லை' என்னும் வாக்கியத்தில் எழுவாய் வளர்ப்பு. குற்றவாளியாக நிற்பவள் தாய்.

களம்பூரில் பட்டுத்தறியில் கூலிக்கு நெய்யும் ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். மகனுடைய வாய்தாவுக்குப் பஸ் ஏறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் அபராதம் விதிக்கப் பிரிவு 18 இடம் தருகிறது. அது எந்தப் புடவைக் கூலியிலிருந்து போகும்? பிள்ளை கெட்டதற்குக் காரணமும் அவள், திருத்தச் சம்பளமில்லாத சிகிச்சையாளரும் அவள்.

அமெரிக்காவில் உருவான பன்முக அமைப்புச் சிகிச்சையில் ஆற்றுப்படுத்துநரே வீடு தேடி வருகிறார். குடும்பம், பள்ளி, நண்பர்கள் என்று பிள்ளையைச் சுற்றியுள்ள எல்லாவற்றோடும் சில மாதங்கள் வேலை செய்கிறார், நள்ளிரவிலும் அழைக்கலாம். பலன் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு நேர்மை உண்டு: தாயைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வதோடு கடமை முடிந்ததாக அது நினைப்பதில்லை.

இளைஞர் நீதிக் குழுமத்தின் இரண்டு சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 'பிள்ளையை ஏன் கவனிக்கவில்லை?' என்று தாயிடம் கேட்பதற்கு முன் அந்தப் பெண் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அப்பாவை ஏன் அழைக்கவில்லை? இந்த அம்மாவின் இன்றைய கூலியை யார் கொடுப்பது?