படத்தைச் சொல்லால் காட்டுகிறவர்கள்

மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்தில் படம் போடுகிறவர்கள் அதற்கு விளக்கமும் எழுதுகிறார்கள். அப்படி எழுதியே தீர வேண்டும் என்று பொதுவான விதி ஏதும் இல்லை, அங்கே ஊறிப்போன பழக்கம் அது. சூரிய உதயமோ சாப்பாட்டுத் தட்டோ தூங்குகிற நாயோ, திரைவாசிப்பான் படித்துக்காட்டுகிற மாதிரி நாலு வரி எழுதிவைத்துவிடுகிறார்கள். ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்துதான் இடம், பட விளக்கத்துக்கோ 1500 எழுத்து! நாம் பேசுவதற்குக் கொடுத்த இடத்தைப்போல மூன்று மடங்கை, பார்க்க முடியாதவருக்குச் சொல்வதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேயே மனசு விழுந்துவிட்டது.

மாஸ்டடான் ஒரே கம்பெனியின் கையில் இருக்கும் தளம் இல்லை. ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்களுக்கென்று ஒரு சர்வர் நடத்தலாம். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்குக் கடிதம் போடுவதுபோல, ஒரு சர்வர்க்காரர் இன்னொரு சர்வர்க்காரரோடு பேசலாம். இந்தப் பேச்சுவார்த்தைக்கு வழிவகுக்கும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் அது வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியத்தின் அதிகாரபூர்வப் பரிந்துரை ஆனது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டின் லெம்மர்-வெப்பர், அந்த வேலையில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் குயர் மக்கள் என்றும், வேண்டாத தொல்லைகளைத் தடுத்துக்கொள்ளும் வசதிகள் அதனால்தான் அமைந்தன என்றும் சொல்லியிருக்கிறார். வசவு வாங்கிப் பழகியவர்கள் கட்டிய இடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்குமா?

நான் அங்கே தேடிப்போன முதல் கூட்டம் பார்வையற்றவர்களுடையது. 2022 நவம்பரில் ட்விட்டரில் ஆட்குறைப்பு நடந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைக் கவனித்துவந்த குழுவே கலைந்தது. 2023 ஜனவரியில் வெளியார் செய்த செயலிகளையும் அந்நிறுவனம் அடைத்துவிட்டது. ட்விட்டரிஃபிக் போன்ற அந்தச் செயலிகளைத்தான் பார்வையற்றவர்கள் பலர் நம்பியிருந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் மாஸ்டடானுக்கு நடையைக் கட்டினார்கள். ‘டிராகன்ஸ் கேவ்’, ‘ட்வீஸ்கேக்’ என்று பார்வையற்றவர்கள் கூடும் சர்வர்கள் அங்கே உண்டு. டிடபிள்யூ ப்ளூ என்ற இலவசச் செயலியும் மாஸ்டடானுக்கு ஏற்ப மாறிக்கொண்டது.

அந்தச் சர்வர்களின் உள்ளூர் டைம்லைனைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்ல! என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் புதுப் பதிப்பைப் பற்றி ஒருவர் அலசுகிறார். காதால் கேட்டே ஆடும் கணினி விளையாட்டுகளைப் பற்றி வாக்குவாதம் நடக்கிறது. ஒருவர் தன் தெருவில் பெய்த மழையை ஒலிப்பதிவு செய்து போட்டிருக்கிறார். யாரும் யாருக்கும் ‘சாதனையாளர்’ இல்லை, யாரும் பரிதாபத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. அது அவர்கள் இடம், பேச்சும் அவர்கள் இஷ்டம். பார்வையுள்ள நான்தான் விருந்தாளி. அந்த நிலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது!

ஒருமுறை வாசலில் போட்ட சிக்குக் கோலத்தைப் படமெடுத்துப் பதிந்தேன். புள்ளிகளின் வரிசை, கோடு வளைகிற விதம், நடுவில் விழுகிற கட்டங்கள் என்று விளக்கத்தை ஆசை தீர எழுதினேன். பார்வையற்ற ஒருவரிடமிருந்து கேள்வி வந்தது: கோடு புள்ளியைத் தொடுமா, சுற்றிக்கொண்டு போகுமா? தொடாது, சுற்றித்தான் போகும், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் என்றேன். அடுத்து, அரிசிமாவு விரலிடுக்கில் எப்படி விழும் என்று கேட்டார். பேச்சு மாவின் நறநறப்பு, ஈரத் தரை, விடியற்காலைக் குளிர் என்று போய்க்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற கோலத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

இங்கே ஆட்களைக் கண்டுபிடிப்பது கைவேலை. எதை நாம் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அல்காரிதம் நம் டைம்லைனில் கிடையாது, பதிவுகள் நேர வரிசையில் வரும். 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆட்களைப்போல ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம். எனக்கு அது பெரிய வரம். காது கேளாதோர், ஆட்டிசம் உள்ளவர்கள், திருநர் என்று ஒவ்வொரு ஹேஷ்டேக்காகப் பிடித்து, அதில் நன்றாக எழுதுகிறவரைக் கண்டு, அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்று பார்த்துப் போய்க்கொண்டே இருந்தேன். சிறுபான்மை மொழிக்காரர்களையும் விடவில்லை. வேல்ஸ் மக்களுக்கு டூட் வேல்ஸ் இருக்கிறது, பாஸ்க் மொழிக்கும் தனி சர்வர் இருக்கிறது. மாஸ்டடானின் முகப்பையே தன்னார்வலர்கள் பிரெத்தோன், கபைல், சார்டினியன் மொழிகளிலெல்லாம் பெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இந்த வரவேற்பு கிடைத்ததா என்றால், இல்லை. 2022இல் வந்த கறுப்பின மக்கள் பலர், இனவெறியைப் பற்றி எழுதினால் அதை எச்சரிக்கைத் திரைக்குப் பின்னால் மறைத்து எழுதச் சொல்லி வற்புறுத்தப்பட்டார்கள். மாஸ்டடானின் பண்பாட்டுக்குள் வெள்ளையர் வழக்கங்கள் எப்படி உறைந்திருக்கின்றன என்று தத்துவ ஆசிரியர் ஜொனாதன் ஃபிளவர்ஸ் விரிவாகப் பேசியிருக்கிறார். இந்த இடத்தை நேசிக்கிறவர்கள் அவரைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதே சமயம் பரவலாக்கத்தின் முழு அழகையும் எனக்குக் காட்டியது கறுப்பின மக்கள் கட்டிய பிளாக்ஸ்கைதான். ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகம் பயன்படுத்தும் ஏடி நெறிமுறையின் மேல் ரூடி ஃப்ரேசர் 2023இல் ஒரு தனி ஃபீடாக அதைத் தொடங்கினார். இனவெறிப் பதிவுகளைக் கண்காணித்து விலக்குகிற மாடரேட்டர்களும் அந்தச் சமூகத்தவரே. பிறகு சொந்த சர்வர்வரை வளர்ந்துவிட்டார்கள். யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை, தாங்களே செய்துகொண்டார்கள்!

நம் நாட்டிலும் 2019 நவம்பரில் ஓர் அலை அடித்தது. வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டியும், நீல டிக் தருவதில் சாதிப் பாகுபாடு இருக்கிறதென்று தலித், பகுஜன் செயல்பாட்டாளர்கள் குரல் எழுப்பியதை ஒட்டியும் இந்தியர்கள் திரளாக மாஸ்டடானுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கூடி நின்று ஒரு சர்வரை நடத்தும் திறமையும் தேவையும் அவர்களுக்கு இருந்தன.

நீங்கள் வருவதாக இருந்தால் சர்வரின் விதிகளை முதலில் படியுங்கள். சாதி, மதம், பாலினம் பற்றிய வசவுகளுக்கு அங்கே என்ன நடவடிக்கை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத சர்வர் வேண்டவே வேண்டாம். பிறகு ஓர் அறிமுகப் பதிவு போட்டு, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஹேஷ்டேக்குகளாகக் கோத்துவிடுங்கள். தமிழில் தேடுகிறவர்களும் உங்களைக் கண்டுபிடிக்க, தமிழிலும் இரண்டு மூன்று சேருங்கள்.