கொலைக்களக் காதையில் ஐயமும் தோற்றமும்: காரணமற்ற மறிப்பு குறித்த ஒரு வாசிப்பு

முன்னுரை

சிலப்பதிகாரத்தில் நீதி எவ்விடத்தில் தவறியது என்னும் வினாவிற்குத் திறனாய்வாளர் பெரிதும் இரண்டு விடைகளையே அளித்து வந்துள்ளனர். ஆராயாது ஆணையிட்ட பாண்டியன் நெடுஞ்செழியனின் பிழை என்பது ஒன்று. ஊழின் வலி என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் அரசன் ஆணைக்கும் கோவலன் கொலைக்கும் இடைப்பட்ட காட்சியை விரைந்து கடந்து விடுகின்றன. ஊர்காவலரும் பொற்கொல்லனும் கோவலன் அருகிலேயே நின்று அவனைப் பற்றிப் பேசும் அக்காட்சி, கொலைக்களக் காதையின் மையம் எனத்தக்கது. ஒருவரை மறிப்பதற்குக் காவலரிடம் எத்தகைய காரணம் இருத்தல் வேண்டும் என்னும் வினா அங்கே எழுகிறது. புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையினராய் வாழும் கனடாவின் நீதிமன்றங்கள் கடந்த சில பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருவதும் இவ்வினாவையே. காப்பியக் காட்சியை அவ்வழக்குகளோடு இணைத்து நோக்க இக்கட்டுரை முனைகிறது.

ஆணையின் நிபந்தனை

அரசனின் ஆணை நிபந்தனையோடு கூடியது. தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்பதே அதன் பொருள். கொல்லுதற்குக் கொணர்க எனச் சொல்லக் கருதியவன் ஊழின் வயத்தால் சொல் பிறழ்ந்தான் என்னும் விளக்கமும் வழங்கி வருகிறது. அவ்விளக்கம் வினைச்சொல்லை நோக்குகிறதேயன்றி நிபந்தனையை நோக்கவில்லை. ஆணையை அப்படியே நிறைவேற்றுவதாயினும் காவலர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு: இச்சிலம்பு தேவியுடையதா? கோவலனிடம் கேட்டிருக்கலாம், சிலம்பைக் கோப்பெருந்தேவியிடம் காட்டி அறிந்திருக்கலாம். இரண்டும் நிகழவில்லை. பொற்கொல்லன் சிலம்பின் வேலைப்பாட்டை எடுத்துரைக்கிறான். அதன்மேல் உசாவல் எதுவும் இல்லை. பேச்சு சிலம்பை விட்டு மனிதனுக்குத் தாவுகிறது. 'இது எவருடைய பொருள்?' என்னும் வினாவின் இடத்தை 'இவன் கள்வன் போன்றவனா?' என்னும் வினா பற்றிக்கொள்கிறது. நீதியின் முதற் சறுக்கல் இவ்விடமாற்றமே.

கள்வர் பற்றிய அறிவு

காவலர் முதலில் தயங்குகின்றனர். இவன் உறுப்பிலக்கணம் கொலைக்குரியவனுடையது அன்று என்கின்றனர். பொற்கொல்லன் அதனை எள்ளி நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்துரைக்கிறான். இவ்வறிவின் இயல்பு கூர்ந்து நோக்கத்தக்கது. இதில் எதனாலும் மறுக்கப்படும் வாய்ப்பு இல்லை. கன்னக்கோல் கையில் இருப்பின் கள்வன். இல்லையெனின் மந்திரத்தால் களவு செய்பவன் என்பதை அவன் அரசனிடத்திலேயே சொல்லி வைத்துவிட்டான். ஆகவே சான்றின்மையும் சான்றாகி விடுகிறது. பின்னர் இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வனின் கதையை அவன் கூறுகிறான். வேலேந்திய இளைஞன் ஒருவன், மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறித்துச் சென்ற கள்வனை நினைவுகூர்கிறான். இக்கதைகள் எவற்றிலும் கோவலன் இல்லை. ஆயினும் அவற்றின் அச்சம் முழுவதும் அவன்மேல் வந்து படிகிறது. இறுதியில் கல்வியறிவற்ற குடிவெறியன் ஒருவன் வாளை வீசுகிறான். அவனை மட்டும் பழித்தல் எளிது. ஆயின் அவ்வாளுக்கு வழி திறந்தவை கற்றறிந்தது போல் ஒலித்த சொற்களே. இவ்வுரையாடல் முழுவதிலும் கோவலனுக்கு ஒரு சொல்லும் இல்லை. எவரும் அவனை எதுவும் வினவவில்லை.

நல்ல தோற்றமும் சான்றன்று

காவலரின் முதல் தயக்கத்தை அறவுணர்வு எனப் போற்றும் வாசிப்பு உண்டு. அது முழுமையன்று. அத்தயக்கமும் தோற்றத்தைக் கொண்டே எழுந்தது. தோற்றத்தால் ஒருவனைக் குற்றமற்றவன் என்பவர், மற்றொரு தோற்றத்தால் ஒருவனைக் குற்றவாளி என்பதற்கும் இடமளித்தவர் ஆவர். அதனால்தான் அத்தயக்கம் ஓர் ஏளனச் சிரிப்பிற்கு முன் நிலைகுலைகிறது. பொற்கொல்லன் தன் களவை மறைக்கக் கோவலனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அவன் அவ்வூர்க்குப் புதியவன் என்பதே. அவன் மனத்துள் கோவலனுக்குத் தரும் அடைமொழி 'புலம்பெயர்' என்பதாகும். இன்றைய தமிழர் தம்மைக் குறிக்கக் கையாளும் அதே சொல், காப்பியத்தில் தனக்காகச் சான்று கூற எவருமற்ற ஒருவனைச் சுட்டுகிறது.

கனடியத் தீர்ப்புகளில் இவ்வினா

கோவலன்மேல் பொய்யாயினும் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. சாலையில் காரணமின்றி நிறுத்தப்படும் ஓட்டுநர்மேல் அதுவும் இல்லை. 1990ஆம் ஆண்டு லாடுசூர் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், எவ்வித ஐயமும் இன்றி ஓடும் வாகனத்தை நிறுத்துதல் உரிமைகள் சாசனத்தின் 9ஆம் பிரிவு தடுக்கும் தன்னிச்சையான தடுத்துவைப்பே என ஏற்றது. ஆயினும் சாலைப் பாதுகாப்பின் பொருட்டு 1ஆம் பிரிவின்கீழ் அது நியாயமானது என ஐவர் முடிவு செய்தனர். நால்வர் இவ்வரம்பற்ற அதிகாரத்தை ஏற்கவில்லை. அந்நால்வர் சார்பில் எழுதிய நீதியரசர் சோபிங்கா, காரணம் தேவையில்லை எனின் காவலரின் மனப்போக்கே காரணமாகிவிடும் எனவும், ஒருவர் இளையோரையும் மற்றொருவர் பழைய வாகனங்களையும் நிறுத்தக்கூடும் எனவும், இனமும் ஒரு காரணமாகலாம் எனவும் எச்சரித்தார்.

கறுப்பின இளைஞர் ஒருவர், தாம் காரணமின்றிப் பன்முறை நிறுத்தப்பட்டமையை முன்வைத்துத் தொடுத்த வழக்கில், 2022 அக்டோபரில் கியூபெக் மேனிலை நீதிமன்ற நீதியரசர் மிஷெல் யெர்ஜோ இவ்வதிகாரத்தைச் செல்லாததாக்கினார். கியூபெக் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 636ஆம் பிரிவு இவ்வகையில் வீழ்ந்தது. ஏட்டில் பொதுவாக எழுதப்பட்ட அதிகாரம் நடைமுறையில் இனத்தைப் பார்த்து நிறுத்துவதற்கு வாயிலாயிற்று என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024 அக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. முறைப்படி அமைக்கப்பட்ட சோதனைச் சாவடிகளையும், காரணத்தோடு நிறுத்துவதையும் அத்தீர்ப்பு தடுக்கவில்லை. அது கேட்பது காரணம் ஒன்றையே.

காப்பியமும் வழக்கும் சந்திக்கும் இடம் இதுவே. காரணம் கூற வேண்டிய கடமை நீங்கியவிடத்து, காவலர் உள்ளத்தில் முன்னரே எழுதப்பட்ட கள்வனின் சித்திரம் அவ்விடத்தை நிரப்புகிறது.

நிறைவுரை

வழக்குரை காதையில் கண்ணகி செய்வது, இடம் மாறிய வினாவை அதன் பழைய இடத்திற்கே மீட்பதாகும். தன் கணவன் நற்குணத்தவன் என்பதை நிறுவ அவள் தோற்றத்தைச் சான்றாகக் காட்டவில்லை. தன் சிலம்பின் உள்ளிருப்பது மாணிக்கம் என்கிறாள். முத்து என்கிறான் அரசன். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. மனிதனை விட்டுப் பொருளை நோக்கிய அக்கணத்திலேயே உண்மை வெளிப்பட்டது. அதற்கு ஒரு நொடி போதுமாயிருந்தது; அந்நொடியைக் கோவலன் உயிரோடிருந்தபோது செலவிட எவரும் முன்வரவில்லை. புலம்பெயர் நாடுகளில் சிலப்பதிகாரம் கற்பிக்கப்படும்போது, அரசன் வீழ்ந்த அவையோடு காவலர் தயங்கி நின்ற அவ்விடமும் பாடமாதல் வேண்டும். அங்கே கேட்கப்படாத வினாவே இளந்தலைமுறையினர் சாலையில் கேட்க உரிமையுடைய வினா.